திரையில் குடும்பமும் தரையில் குடும்பமும்

கலை சமுதாயத்தின் கண்ணாடி என்னும் கூற்று அடிக்கடி எடுத்தாளப்படுவதொன்றாகும். சினிமா பற்றிய உரையாடல்களில் இக்கூற்றை ஆதரிப்போரும் உளர், மறுப்போரும் உளர். சினிமாவில் வருவது வெறும் கற்பனையே, அதனைப் பார்ப்போர் மூன்று மணிநேரம் தம்மை மறந்திருந்துவிட்டு வீடு திரும்புகின்றனர், அதற்குமேல் அதிற் பொருள் தேடுவது வீண்வேலை என்பது மறுப்போர் வாதம். இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரு முக்கிய வினாவைத் தவிர்த்துச் செல்கின்றன. திரையிற் காட்டப்படும் குடும்பம் எந்தச் சமூகத்துக் குடும்பம், அதனைத் தமது குடும்பமாகக் கருதிக்கொள்வோர் யாவர் என்பதே அவ்வினாவாகும்.

தமிழ்ச் சினிமாவைப் பொறுத்தவரையில் இவ்வினா இலங்கைத் தமிழ்பேசும் மக்களுக்கு விசேட முக்கியத்துவம் உடையது. சென்னையில் தயாரிக்கப்பட்ட படங்களையே இம்மக்கள் பல தலைமுறைகளாகத் தமது படங்களாகப் பார்த்து வந்துள்ளனர். யாழ்ப்பாணத்து வின்சர், ராஜா, மனோகரா, ராணி முதலிய திரையரங்குகளிலும், மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய நகரங்களிலும், மலையகத்துச் சிறு பட்டினங்களிலும் இப்படங்கள் ஓடின. படம் பாராதோருக்கும் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அதன் பாடல்களைக் கொண்டு சேர்த்தது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கப்பெற்ற பின்னர் திரை வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. 1993 இல் ஆரம்பமான சன் தொலைக்காட்சியின் தொடர்நாடகங்கள் செய்மதி மூலமும் உள்ளூர் அலைவரிசைகளின் மறுஒளிபரப்பு மூலமும் மாலைநேரத்தை முழுமையாக ஆட்கொண்டன. எனவே திரைக்குடும்பம் தரைக்குடும்பத்தின் வரவேற்பறையில் ஒவ்வொரு நாளும் வந்தமரும் விருந்தாளியாகிவிட்டது. இவ்விருந்தாளி பேசுவது எதனை, பேசாது விடுவது எதனை என்பதை ஆராய்தல் அவசியமாகும்.

1

'குடும்பப் படம்' என்னும் வகை தமிழ்ச் சினிமாவில் நிலைபேறு பெற்றமைக்கு ஏ. பீம்சிங் இயக்கிய படங்கள் பெரிதும் காரணமாயின. பாகப்பிரிவினை (1959), படிக்காத மேதை (1960), பாசமலர் (1961) ஆகியவை அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. நிலவுடைமை சார்ந்த கூட்டுக்குடும்பம் நகர வளர்ச்சியினாலும் கூலி உழைப்பினாலும் சிதைவுறத் தொடங்கிய ஒரு காலகட்டத்தின் துயரம் இப்படங்களிற் பதிவாகியுள்ளது என்பதை மறுத்தலாகாது. மக்கள் இவற்றைக் கண்டு கண்ணீர் வடித்தமைக்கு நடிப்பும் பாடல்களும் மாத்திரம் காரணமல்ல. தமது வீட்டுக்குள் நிகழ்ந்துகொண்டிருந்த உடைவொன்று திரையிற் பெயரிடப்பட்டமையே அதற்கு அடிப்படையாக இருந்தது.

ஆயின் அவ்வுடைவுக்குக் கற்பிக்கப்பட்ட காரணம் நோக்கத்தக்கது. பாகப்பிரிவினையில் ஒன்றாயிருந்த வீடு இரண்டாவதற்கு மூத்தவர் மனைவியின் பொறாமையும் வெளியிலிருந்து வந்த ஒருவனின் சூழ்ச்சியுமே காரணமாகக் காட்டப்படுகின்றன. நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாடப்படுவதும், ஒருவர் வருவாயில் பலர் சீவிக்க முடியாமற் போவதும், பணப்பொருளாதாரம் உறவுகளை மாற்றியமைப்பதும் கதைக்குள் வருவதில்லை. சமூக மாற்றம் ஒரு பெண்ணின் மனக்குறையாகச் சுருக்கப்படுகின்றது. மனக்குறை நீங்கியதும் குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்கின்றது. நோய் ஓரிடத்திலிருக்க மருந்து வேறோரிடத்திற் பூசப்படுகின்றது எனலாம்.

பாசமலர் இதனினும் சிக்கலான ஓர் உதாரணமாகும். வேலையிழந்த தொழிலாளியான அண்ணன் பெருமுதலாளியாக உயர்கின்றான். அவ்வுயர்வுக்கு மூலதனமாயமைந்தது தங்கை பொம்மை செய்து சேமித்த பணமாகும். படத்தின் ஆரம்பத்திலேயே வரும் இச்செய்தி பின்னர் முற்றாக மறக்கப்பட்டுவிடுகின்றது. தங்கையின் உழைப்பிலிருந்து தோன்றிய தொழிற்சாலை அண்ணனுடையதாகின்றது. தங்கைக்கு அவனுடைய அன்பு கிடைக்கின்றது. அவ்வாறே அத்தொழிற்சாலையில் முதலாளிக்கும் தொழிலாளருக்குமிடையே எழும் முரண்பாடு, அண்ணனுக்கும் தங்கையின் காதலனுக்குமிடையிலான மனத்தாங்கலாக மாறி, திருமண உறவினுட் கரைந்துபோகின்றது. உடைமையும் உழைப்பும் பற்றிய இரு பெரும் வினாக்கள் பாசம் என்னும் ஒரு விடைக்குள் அடக்கப்படுகின்றன. அண்ணனும் தங்கையும் ஒருங்கே மரணிக்கும் இறுதிக்காட்சியிற் பெருகும் கண்ணீர் அவ்வினாக்களையும் கழுவிச் சென்றுவிடுகின்றது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துப் பார்வையாளரின் அனுபவம் தனித்து நோக்கற்பாலது. சகோதரிகளுக்குச் சீதனம் தேடும்பொருட்டுத் தன் திருமணத்தைப் பின்போட்டு உழைக்கும் அண்ணன் அச்சமூகத்தில் நிதர்சனமான ஒரு மனிதன். கொழும்பில் எழுதுவினைஞனாகவும், பிற்காலத்தில் மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் தொழிலாளியாகவும் அவன் வாழ்ந்துள்ளான். பாசமலர் அவனுடைய தியாகத்துக்கு ஒரு காவியத் தன்மையை வழங்கியது. ஆனால் அத்தியாகத்தை அவன்மீது சுமத்திய சீதன முறைமையை அது கண்ணுக்குத் தெரியாமற் செய்தது. ஒரு பொருளாதாரக் கடப்பாடு பாசமாக மட்டும் உணரப்படும்போது அதனை எதிர்த்து வினவுவது பாசத்தை மறுப்பதாகிவிடும். திரை பிரதிபலிப்பதும் திரிப்பதும் வெவ்வேறு படங்களில் நிகழ்வன அல்ல என்பதற்கும், ஒரே காட்சியில் ஒரே நேரத்தில் இரண்டும் நிகழும் என்பதற்கும் இது தக்க சான்றாகும்.

2

குடும்ப வாழ்வு பற்றிய சினிமாவின் கருத்தியல் பெண் பாத்திரங்களிலேயே மிகத் தெளிவாக வெளிப்படுகின்றது. 1970 களில் நகர மத்தியதர வர்க்கப் பெண்கள் பெருமளவில் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய நிலைமையைத் தமிழ்ச் சினிமா கவனிக்கத் தவறவில்லை. கே. பாலசந்தரின் அவள் ஒரு தொடர்கதை (1974) அதன் விளைவே. குடும்பத்தின் முழுப்பாரத்தையும் தன் சம்பளத்தில் சுமக்கும் ஒருத்தி அதன் கதாநாயகி. அவளுடைய கடுமையான பேச்சையும் களைப்பையும் கோபத்தையும் மறைக்காது காட்டியமை அப்படத்தின் சாதனையாகும். எனினும் திருமணம் கைகூடும் வேளையில் சகோதரன் கொலையுண்ண, அவள் தன் வாழ்வை விடுத்து மீண்டும் அதே வேலைக்குத் திரும்புவதோடு படம் முடிகின்றது. இம்முடிவு யதார்த்தமானதுதான். ஆனால் படம் அதனை விதியாகவும் தியாகமாகவும் உயர்த்துகின்றதேயன்றி, உழைப்பவளுக்கு அவ்வீட்டில் அதிகாரம் ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

மறுபுறத்தில், பட்டிக்காடா பட்டணமா (1972), மன்னன் (1992) போன்ற படங்கள் கல்வியும் செல்வமும் உடைய பெண்ணைக் கணவன் 'வழிக்குக் கொண்டுவருவதை' வேடிக்கையாக்கின. இருபது ஆண்டு இடைவெளியில் உடைகளும் வாகனங்களும் மாறின. பெரும் நிறுவனமொன்றை நடத்திய பெண் இறுதியில் இல்லத்தரசியாக அமைவதே மங்களகரமான முடிவு என்ற எண்ணம் மாறவில்லை. பெண் வெளியுலகில் முன்னேற முன்னேறத் திரை அவளை உள்ளே அழைப்பதில் தீவிரம் காட்டியது எனக் கொள்ள இடமுண்டு.

தாலி பற்றிய மனோபாவத்துக்கு கே. பாக்யராஜின் அந்த 7 நாட்கள் (1981) சிறந்த எடுத்துக்காட்டாகும். விருப்பின்றி மணம் முடிக்கப்பட்ட ஒருத்தியை அவளுடைய காதலனுடன் சேர்த்துவைக்கக் கணவனே முன்வருகின்றான். இம்முற்போக்கான எண்ணத்தை முறியடிப்பவன் காதலனே. கழுத்திலுள்ள தாலியை அகற்றும்படி அவன் கேட்க, அவளால் அது இயலாதென்பது புலனாக, பண்பாடு வென்றதாகப் படம் அறிவிக்கின்றது. கணவன், காதலன் ஆகிய இருவரும் நல்லவர்களாகவே படைக்கப்பட்டுள்ளனர். எவரும் அவளை வற்புறுத்தவில்லை. இத்தகைய நல்லவர்கள் மத்தியிலும் பெண்ணுக்குத் தெரிவு இல்லை என்பதே படம் தன்னையறியாமற் சொல்லும் உண்மையாகும். பார்வையாளர் அதனைத் துன்பியலாகக் கொள்ளாது நிறைவாகக் கொண்டனர் என்பதிலேதான் திரையின் வலிமை தங்கியுள்ளது.

இப்போக்குக்கு விதிவிலக்குகள் இல்லாமலில்லை. மகேந்திரனின் உதிரிப்பூக்கள் (1979) ஊரார் மதிக்கும் பெரிய மனிதனொருவனே தன் வீட்டுக்குள் கொடுமையின் உருவமாக இருப்பதை ஆரவாரமின்றிக் காட்டியது. சந்தேகிக்கும் கணவனை விட்டு நீங்கும் மனைவியைப் பாரதிராஜாவின் புதுமைப் பெண் (1984) முன்வைத்தது. அண்மைக்காலத்தில், 2021 இல் வெளிவந்த தி கிரேட் இந்தியன் கிச்சன் என்னும் மலையாளப் படம் சமையலறை வேலையின் முடிவற்ற சுற்றை அப்படியே காட்டியதன் மூலம் பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. அப்படத்திற் கொடியவர் எவருமிலர். அன்றாட ஒழுங்கு ஒன்றே அங்கு கொடுமையாக இருக்கின்றது. மேலே கூறப்பட்ட குடும்பப் படங்களிலிருந்து அது வேறுபடும் இடமும் இதுவே.

3

இதுவரை கூறப்பட்டவை தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கும் பொருந்துவன. இலங்கையில் நிலைமை மேலும் ஒரு படி சிக்கலானது. திரையில் வரும் குடும்ப அமைப்பே இங்குள்ள தமிழரிற் பெரும்பகுதியினரின் குடும்ப அமைப்பினின்றும் வேறுபட்டது என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை.

தமிழ்ச் சினிமாவினதும் தொடர்நாடகத்தினதும் குடும்பக் கதையில் அடிப்படையானது 'பிறந்த வீடு', 'புகுந்த வீடு' என்னும் பாகுபாடாகும். மணமான பெண் கணவன் வீட்டுக்குச் செல்கிறாள். அங்கு மாமியாரின் ஆட்சிக்குட்படுகிறாள். அவ்வீட்டிற் பொறுமையினால் இடம் பிடிக்கிறாள் அல்லது கண்ணீருடன் வெளியேறுகிறாள். யாழ்ப்பாணத்தின் நடைமுறை இதற்கு எதிரானது. அங்கு வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாக எழுதப்படுகின்றன. மாப்பிள்ளையே பெண்வீட்டிற் புகுகின்றான். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகைப்படுத்தி, பெண்ணின் சீதன உரிமையைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் தாய்வழிக் குடிமுறை வழங்குகின்றது. அங்கும் வீடு மகளுக்குரியது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையிலும் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது.

இதனால் இச்சமூகங்களிற் பெண் ஒடுக்கப்படவில்லை என்பது பொருளன்று. தேசவழமைக்குட்பட்ட பெண்ணொருத்தி, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, தன் பெயரிலுள்ள வீட்டையோ காணியையோ கணவனின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. வீடு அவளுடையது, ஆயினும் உறுதியில் அவன் கையொப்பம் வேண்டும். இதுவே யாழ்ப்பாணப் பெண்ணின் குறிப்பான பிரச்சினை. மாமியார் கொடுமையை விட இதுவே ஆராயப்படவேண்டியது. ஆனால் இப்பிரச்சினை பற்றித் திரையில் ஒரு காட்சிதானும் இல்லை. தன் சொந்த வீட்டு விறாந்தையிலமர்ந்து, 'புகுந்த வீட்டில்' அல்லலுறும் மருமகளுக்காக ஒரு பெண் கண்ணீர் விடுகிறாள். தன்னுடைய உரிமையையும் அவ்வுரிமையின் குறைபாட்டையும் ஒருங்கே மறந்த நிலையிலேயே அவள் அழுகிறாள்.

தமிழ்ப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகளில் 'வீட்டோடு மாப்பிள்ளை' கேலிக்குரிய ஒரு பாத்திரம். மானமற்றவன், மாமனாரின் சோற்றில் வாழ்பவன் என்று அவன் சித்திரிக்கப்படுகின்றான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அவ்வாறு வாழும் ஆண்கள் ஏராளம். அது அங்கு இயல்பான ஒழுங்கு. அவ்வாண்களும் இக்காட்சிகளைக் கண்டு சிரிக்கின்றனர். தம் சமூகத்தின் வழமையைப் பிறிதொரு சமூகத்தின் அளவுகோலால் அளந்து தாமே எள்ளிநகையாடும் இந்நிலை ஆழ்ந்து சிந்திக்கவேண்டியதாகும். காலப்போக்கில் அவ்வளவுகோலே சரியானதென்ற எண்ணம் வலுப்பெற, பெண்ணுக்கு வீடு என்னும் மரபு வெட்கத்துக்குரியதாகவும், ஆணின் தலைமை என்னும் கருத்து இயற்கையானதாகவும் தோன்றுதல் இயல்பே.

சீதனம் காட்டப்படும் முறையும் இவ்வாறானதே. திரையில் அது திருமணப் பந்தலில் எழும் ஒரு நெருக்கடி. பேராசை கொண்ட சம்பந்தி தாலி கட்டும் நேரத்திற் பணம் கேட்கிறார். பெண்ணின் தந்தை காலில் விழுகிறார். இளைஞனொருவன் எழுந்து வந்து இலட்சியம் பேசித் தாலி கட்டுகிறான். யாழ்ப்பாணத்திற் சீதனம் இத்தகைய ஆரவாரத்துடன் வருவதில்லை. தரகர் பேசி முடிக்கிறார். நொத்தாரிசு உறுதி எழுதுகிறார். மாப்பிள்ளை வீட்டாருக்குரிய டொனேசன் தனியாகக் கைமாறுகின்றது. அதுவே பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரிக்குச் சீதனமாகின்றது. இங்கு பேராசைக்காரர் என எவரையும் சுட்டமுடியாது. வாங்குபவரும் கொடுப்பவரும் ஒருவரே. கல்வியும் உத்தியோகமும் சீதனத்தின் விலையை உயர்த்தினவேயன்றிக் குறைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஆண்மகனும் இம்முறைமையின் பயனாளியாவான் என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதன்று. பந்தற் காட்சியைக் கண்டு கலங்கியவரே மறுநாள் நொத்தாரிசின் காரியாலயத்தில் அமைதியாக அமர்ந்திருக்க முடிகின்றதென்றால், திரையிற் கண்ட கொடுமைக்கும் தாம் செய்யும் செயலுக்கும் தொடர்பிருப்பதாக அவர் உணராமையே அதற்குக் காரணமாகும்.

மலையகத் தமிழரின் நிலை வேறானது. உறவுமுறைகளில் அவர்கள் தமிழ்நாட்டுக்கு நெருங்கியவர்கள்; எனவே திரைக்குடும்பத்தின் அமைப்பு அவர்களுக்கு அந்நியமானதன்று. ஆனால் லயக் காம்பரா ஒன்றில் பெற்றோரும் பிள்ளைகளும் மணமான மகனும் ஒருங்கே வாழும்போது, மாடிப்படிகளும் பூசையறையும் கொண்ட திரைவீட்டின் அந்தரங்கம் அங்கு எட்டாக் கனவாகும். விடியற் பிரட்டுக்கு எழுந்து கொழுந்து நிறுத்து முடியும்வரை உழைப்பவள் பெண். வீடு திரும்பி அடுப்பு மூட்டுபவளும் அவளே. தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984 இலேயே கிடைத்தது. உழைக்கும் பெண்ணை அபூர்வப் பிறவியாகவும் தியாக தீபமாகவும் காட்டும் திரை, தாயும் மகளும் பேர்த்தியும் தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்த இச்சமூகத்துக்குக் கூறக்கூடியது யாதுமில்லை.

4

தொலைக்காட்சித் தொடர்கள் இப்போக்கை மேலும் ஒருபடி முன்னெடுத்தன. சித்தி (1999), மெட்டி ஒலி (2002), கோலங்கள் (2003) ஆகியவை பெற்ற வரவேற்பு யாவரும் அறிந்ததே. தாயற்ற ஐந்து பெண்மக்களைக் கரைசேர்க்கும் தந்தையின் கதையான மெட்டி ஒலியில் மத்தியதரக் குடும்பத்தின் உண்மையான கவலைகள் பல இடம்பெற்றன. அதன் பேச்சும் சூழலும் இயல்பானவை. ஆனால் நாடோறும் ஒளிபரப்பாகும் தொடரென்னும் வடிவத்துக்கெனத் தனி நியதியொன்று உண்டு. திரைப்படம் இரண்டரை மணிநேரத்திற் கதையை முடித்தாக வேண்டும், தொடரோ முடியக்கூடாது. பிரச்சினை தீர்ந்தால் தொடருக்கு வேலையில்லை. ஆதலின் ஒரு சூழ்ச்சி வெளிப்படுமுன் மற்றொன்று தொடங்கவேண்டியுள்ளது. சந்தேகம், ஒட்டுக்கேட்டல், மறைக்கப்பட்ட கடிதம், இரண்டாம் தாரம் என்பன இவ்வடிவத்தின் தேவைகளாகும்.

இச்சூழ்ச்சிகளைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களே. மாமியார், நாத்தனார், ஓரகத்தி, கணவனின் முன்னாட் காதலி எனப் பெண்ணுக்குப் பெண்ணே பகையாகின்றாள். ஆண்களோ ஏமாற்றப்படும் அப்பாவிகளாகவோ, இடையிடையே வந்து தீர்ப்புக் கூறுவோராகவோ நிற்கின்றனர். குடும்பத்தினுள் அதிகாரம் எவரிடமுள்ளதோ அவர் இவ்வாறு குற்றச்சாட்டிலிருந்து தப்பிவிடுகின்றார். பெண் பார்வையாளரை மையமாகக் கொண்ட ஒரு வடிவம் பெண்மீதான ஐயத்தையே தன் முதலீடாகக் கொண்டமை முரண்நகையாகும். இதற்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. தொடர்களுக்கு ஆதரவளிப்பன சவர்க்காரம், சேலை, நகை, சமையற் பொருள் ஆகியவற்றின் விளம்பரங்கள். வீட்டுக்குள் இருந்து பொருள் வாங்கும் ஒருத்தியே அவ்விளம்பரங்கள் நாடும் பெண். அடுப்படியிலும் பட்டுச்சேலையும் கழுத்து நிறைந்த நகையுமாக நிற்கும் பாத்திரங்கள் எவ்வாறு தோன்றின என்பதற்கு இங்கு விடை கிடைக்கின்றது.

இதே காலப்பகுதியில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்கு நேர்ந்தவற்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1983 இன் பின்னர் குடும்பங்கள் பல நாடுகளிற் சிதறின. புகைப்படத்தைப் பார்த்து நிச்சயிக்கப்பட்டு, முன்பின் அறியாத ஒருவரை மணக்கப் பெண்கள் கடல்கடந்தனர். 1970 களின் பிற்பகுதியிலிருந்து கிழக்கிலும் மலையகத்திலும் தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுப்பணிக்குச் செல்ல, பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளர்ந்தனர். 2009 இல் யுத்தம் முடிவுற்றபோது வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரக்கணக்கான வீடுகளுக்குப் பெண்ணே தலைமை தாங்கவேண்டியிருந்தது. காணாமற்போன கணவனுக்காகப் பொட்டை அழிக்காதிருப்பவளை மனைவி என்பதா, விதவை என்பதா என்று சமூகம் தடுமாறியது. நவீன தமிழ்க் குடும்ப வரலாற்றில் இவற்றினும் பாரதூரமான நிகழ்வுகள் அரிது. அகதிமுகாமிலும் மீள்குடியேறிய கொட்டிலிலும் இருந்து தொலைக்காட்சி பார்த்தவர்கள் கண்டதோ, பங்களாவின் சாவிக்கொத்து எந்த மருமகளிடம் செல்லும் என்னும் போராட்டத்தையே. துயருற்றோர் சிறிதுநேரம் தம்மை மறக்க விரும்புதல் குற்றமன்று. ஆயின் தாலியும் குங்குமமும் அணிந்தவளே மங்களகரமானவள் என்று மாலைதோறும் வலியுறுத்தும் ஒரு சாதனம், அவ்விரண்டையும் யுத்தத்தில் இழந்த ஒருத்தியின் வீட்டுக்குள் எதனைச் செய்கின்றது என்று கேளாதிருக்க முடியாது. அவளை அயலார் சுபகாரியங்களுக்கு அழைக்காது விடுவதற்கான நியாயத்தைத் திரை புதிதாக உருவாக்கவில்லை; அது ஏலவே இருந்தது. அந்நியாயத்துக்கு நாளாந்தம் நீர்வார்ப்பது திரையேயாகும்.

5

இந்நிலைமைக்கு மாற்றாக ஈழத்தில் முயற்சிகள் நடைபெறாமலில்லை. சமுதாயம் (1962) தொடக்கம் இலங்கையிலேயே தமிழ்ப்படங்கள் தயாரிக்கப்பட்டன. குத்துவிளக்கு (1972) யாழ்ப்பாணக் கிராமிய வாழ்வையும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய வாடைக்காற்று (1978) கடற்றொழிலாளர் வாழ்வையும் திரைக்குக் கொணர்ந்தன. காவலூர் இராசதுரை எழுத, சிங்களத் திரையுலகின் முக்கிய நெறியாளரான தர்மசேன பத்திராஜா இயக்கிய பொன்மணி (1977) சீதனமும் சாதியும் யாழ்ப்பாணக் குடும்பமொன்றை எவ்வாறு இறுக்கி வைத்துள்ளன என்பதை மிகைப்படுத்தலின்றிக் காட்டியது. வர்த்தக ரீதியில் அது வெற்றிபெறவில்லை. தென்னிந்தியப் படங்களின் வேகத்துக்கும் வண்ணத்துக்கும் பழகிய கண்களுக்குத் தம் சொந்த முற்றம் மந்தமாகத் தோன்றியது. பார்வையாளரின் ரசனையும் திரையினாலேயே உருவாக்கப்படுவது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிங்களச் சினிமாவின் வரலாறு ஒப்பிடத்தக்கது. முதற் சிங்களப் பேசும்படமான கடவுனு பொரொந்துவ (1947) தென்னிந்தியக் கலையகத்திலேயே உருவாயிற்று. தொடர்ந்து வந்த படங்களும் தென்னிந்தியப் பாணியையே பின்பற்றின. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் தமது ரேகாவ (1956) மூலம் அப்பாணியிலிருந்து விலகினார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய அவரது கம்பெரலிய (1963) தெற்கின் நிலமானியக் குடும்பமொன்றின் தளர்ச்சியைத் தன் சொந்த மண்ணில் வைத்து நோக்கியது. கூட்டுக்குடும்பத்தின் உடைவையே பீம்சிங்கும் எடுத்துக்கொண்டார். எனினும் அவ்வுடைவை ஒருவரது சூழ்ச்சியாகக் காணாது காலத்தின் மாற்றமாகக் காணும் பக்குவம் கம்பெரலியவில் அமைந்திருந்தது. சிங்களச் சினிமாவுக்குக் கிடைத்த சந்தையும் அரச ஆதரவும் ஈழத்துத் தமிழ்ச் சினிமாவுக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மையே. அதனோடு, மொழி ஒன்றாயிருப்பதால் வாழ்க்கையும் ஒன்றே என்னும் மயக்கமும் தடையாக நின்றது.

தென்னிந்தியப் படங்களையும் தொடர்களையும் விலக்கிவைப்பது இதற்குப் பரிகாரமாகாது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட பின்னர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோதும் அவற்றின்மீதான மோகம் குன்றவில்லை. கலை எல்லைகடந்து செல்வது விரும்பத்தக்கதே. வேண்டப்படுவது விமர்சன நோக்காகும். ஈழத்துச் சிறுகதையும் நாவலும் தென்னிந்திய சஞ்சிகைகளின் செல்வாக்கிலிருந்து விடுபட்டுத் தம் மண்ணின் வாழ்க்கையைப் பேசத் தொடங்கியபோது அதற்கு விமர்சனம் துணைநின்றது. இலக்கியத்துக்கு வாய்த்த அத்துணை திரைக்கு இன்னும் போதிய அளவில் வாய்க்கவில்லை. நாவலைப் பாடமாகக் கற்கும் தமிழ்த்துறைகள் மக்களில் மிகப்பெரும்பாலோர் நாடோறும் நுகரும் கதைவடிவத்தை ஆய்வுக்குரியதாகக் கருதத் தயங்கியே வந்துள்ளன. கீழ்த்தரமானது எனக்கூறி ஒதுக்குவதனால் அதன் செல்வாக்குக் குறைந்துவிடுவதில்லை.

இன்று படப்பிடிப்புக் கருவி ஒவ்வோர் இளைஞர் கையிலும் உள்ளது. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் குறும்படங்கள் தயாரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றுட் சில பழைய கதையையே புதிய கருவியிற் பதிவு செய்கின்றன. அங்கும் காதலன் கத்தி ஏந்துகிறான். தாய் தாலியைப் பற்றிக்கொண்டு அழுகிறாள். கருவி கைக்கு வந்தமையால் மாத்திரம் பார்வை கைவந்துவிடாது. சீதன உறுதியில் ஒப்பமிடும் தந்தையின் முகம், வெளிநாட்டிலிருந்து வரும் தாயின் குரலைத் தொலைபேசியிற் கேட்கும் குழந்தையின் மௌனம், லயக் காம்பராவில் எட்டுப்பேர் படுத்துறங்கும் இரவு, தன் பெயரிலுள்ள வீட்டை விற்கக் காணாமற்போன கணவனின் சம்மதத்தை எங்கு சென்று பெறுவது என்று தவிக்கும் பெண் ஆகியன எடுக்கப்படாத படங்களாக இன்னும் காத்திருக்கின்றன. இவற்றை எடுப்போருக்கு முன்னதாக, இவை தம்முடைய கதைகளே என்று இனங்காணும் பார்வையாளர் தோன்றுதல் வேண்டும். அத்தகைய பார்வையாளரை உருவாக்குவது பல்கலைக்கழகங்களின் பொறுப்புகளுள் ஒன்றாகும்.